தடம் எண் 38: எந்தக் கதவில் ஏறுவது, யாரிடம் காசு கொடுப்பது?

லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் 38ஆம் எண் பேருந்து, ஹைட் பார்க் கார்னர், பிக்கடிலி, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, புளூம்ஸ்பரி, ரோஸ்பரி அவென்யூ, ஏஞ்சல், எஸெக்ஸ் ரோடு, டால்ஸ்டன், ஹாக்னி வழியாகக் கிளாப்டன் பாண்ட் போய்ச் சேர்கிறது. தூரம் சுமார் 12 கி.மீ. நிறுத்தங்கள் நாற்பதுக்கும் மேல். 1912இல் தொடங்கிய தடம் இது. முன்பு கிழக்கே லெய்ட்டன், வால்தம்ஸ்டோ பக்கம் வரை ஓடியது. பிற்பாடு அந்தக் கோடியை வெட்டி வேறு எண்களிடம் கொடுத்துவிட்டார்கள். இரவில் ஓடும் N38 என்ற தடம் மட்டும் இன்றும் வால்தம்ஸ்டோ வரை போகிறது. நடுப்பகுதியில் பெரிய மாற்றமில்லை.

மாறியதெல்லாம் வண்டிதான். 2005 அக்டோபருக்கும் 2012 பிப்ரவரிக்கும் இடையே, ஆறு ஆண்டும் சில மாதமும் கொண்ட காலத்தில், இந்த ஒரே தடத்தில் நான்கு வகைப் பேருந்துகளைப் பார்க்கலாம்: பின்படி திறந்திருந்த பழைய ரூட்மாஸ்டர், 18 மீட்டர் நீள இணைப்புப் பேருந்து, சாதாரண இரண்டு கதவு மாடிப் பேருந்து, பிறகு மூன்று கதவுள்ள புது ரூட்மாஸ்டர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் செய்தித்தாள்கள் அழகைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் எழுதின. டிப்போவில் இருப்பவர்களும் கால அட்டவணை போடுபவர்களும் கவலைப்பட்டது வேறு இரண்டு விஷயங்களுக்காக: ஆள் எந்தக் கதவில் ஏறுகிறார், காசை யார் வாங்குகிறார். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் 38இன் நூறாண்டு வரலாறும் புரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நிறுத்தத்துக்குப் பத்து வினாடி மிச்சமானால், நாற்பது நிறுத்தத்தில் 400 வினாடி. ஏறத்தாழ ஏழு நிமிடம். போய்த் திரும்பினால் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். மூன்று நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடுகிற தடத்தில், அந்தப் பதின்மூன்று நிமிடம் நான்கு பேருந்துகளுக்கும் அவற்றின் ஓட்டுநர்களுக்கும் சமம். அவ்வளவு வண்டியை வாங்காமலே அதே சேவையைத் தரலாம். ஏறி இறங்கும் நேரத்துக்காக இத்தனை சண்டை நடப்பது அதனால்தான்.

போலீஸ் வரைந்த பேருந்து

1912இல் இந்தத் தடத்தில் ஓடியது லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் பி வகைப் பேருந்து. அந்தக் கம்பெனி தன் கடைசிக் குதிரை வண்டியை நிறுத்தி ஓராண்டுகூட ஆகாத நேரம். 1910இல் ஃபிராங்க் சேர்ல் வடிவமைத்த பி வகை, வால்தம்ஸ்டோவிலேயே செய்யப்பட்டது. உள்ளே 16 பேர், மேலே கூரையில்லாத மாடியில் 18 பேர், ஆக 34 இருக்கை. பின்னால் திறந்த படி, அதிலிருந்து வளைந்து மேலேறும் மாடிப்படி. மழை பெய்தால் மேலே இருப்பவர்கள் இருக்கையோடு கட்டியிருந்த தார்ப்பாயை இழுத்து முழங்காலை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கூரை போடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. பேருந்துக்கு உரிமம் கொடுத்தது பெருநகரப் போலீஸ். எடை, அகலம், உயரம் எல்லாம் அவர்கள் வைத்த சட்டம். மாடிக்குக் கூரை போட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று 1925 வரை அனுமதிக்கவில்லை. காற்றடைத்த டயருக்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கெட்டி ரப்பர் சக்கரம். இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டே வண்டியை வளர்த்தார்கள். 1919இல் வந்த கே வகையில் ஓட்டுநரை எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மிச்சமான நீளத்தில் 46 இருக்கை வைத்தார்கள். 1923இல் வந்த என்.எஸ். வகையில் சட்டகத்தையே தாழ்த்தி வளைத்து, தரையிலிருந்து ஒரே படியில் உள்ளே நுழையும்படி செய்தார்கள். வண்டி தாழ்ந்ததால்தான் பின்னர் கூரைக்கு அனுமதியும் கிடைத்தது. 'தாழ்தளம்' என்று இன்று பேசப்படும் சங்கதிக்கு இப்படி நூறு வயதாகிறது.

இந்த வண்டிகளிலெல்லாம் மாறாமல் இருந்தவை பின்படியும் நடத்துநரும். அச்சடித்த வண்ணச் சீட்டுக் கட்டுகளை மரப்பலகையில் செருகி வைத்திருப்பார் நடத்துநர். கட்டணத்துக்கேற்ற சீட்டை உருவி, இடுப்பில் தொங்கும் பெல் பஞ்ச் கருவியில் துளையிட்டுக் கொடுப்பார். துளையிடும்போது ஒரு மணி அடிக்கும். வெட்டிய காகிதப் பொட்டுகள் கருவிக்குள்ளேயே தங்கும். சந்தேகம் வந்தால் அலுவலகத்தில் அந்தப் பொட்டுகளை எண்ணிக் கணக்குப் பார்க்கலாம். 1950களில் கிப்சன் எந்திரம் வந்ததும் சீட்டுப் பலகை மறையத் தொடங்கியது. வெற்றுக் காகிதச் சுருளில் கட்டணத்தை அச்சடித்துத் தரும் கைப்பிடி எந்திரம் அது. 1993 வரை புழக்கத்தில் இருந்தது.

ஆர்.டி.: கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது

1933இல் லண்டன் போக்குவரத்து முழுவதும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தது. அதன் பலன் 1939இல் முதலில் வந்து, போர் முடிந்தபின் பெருவாரியாகச் செய்யப்பட்ட ஆர்.டி. வகை. 56 இருக்கை, 9.6 லிட்டர் ஏ.இ.சி. டீசல் எஞ்சின், காற்று பிரேக். கியர் மாற்றும் முறை தனி: அடுத்து வேண்டிய கியரை ஸ்டீயரிங் அருகே உள்ள சிறு நெம்புகோலில் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிடலாம், தேவைப்படும் கணத்தில் இடது பெடலை ஒருமுறை மிதித்து விட்டால் கியர் விழும். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் நிரம்பிய ஃபிளைவீல் என்பதால் நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் ஓட்டுநரின் இடது கால் பிழைத்தது. ஆனால் பெடலை முழுக்க மிதிக்காமல் அரைகுறையாக விட்டால் அது எதிர்த்து உதைக்கும். புதியவர்கள் காலைப் பழக்கிக்கொள்வதற்குள் சில உதை வாங்குவார்கள்.

ஆர்.டி. குடும்பத்தில் ஏறத்தாழ 7,000 வண்டி செய்தார்கள். எல்லாம் ஒரே அளவு என்பதால், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருந்த ஆல்டன்ஹாம் பணிமனையில் உடலைத் தனியே தூக்கி, எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டகமான சேஸிஸைத் தனியே ஓட்டிப்போய்ச் செப்பனிடுவார்கள். உடலுக்குத்தான் வேலை அதிகம். அது முடியும்வரை சேஸிஸ் காத்திருப்பதில்லை. தயாராக இருக்கும் வேறு உடலை அதன்மேல் இறக்கி அனுப்பிவிடுவார்கள். உள்ளே போன வண்டியின் எண்ணோடு வெளியே வருவது பெரும்பாலும் வேறு வண்டி. பழைய பேருந்து சேகரிப்பவர்கள் 'இதுதான் அசல்' என்று சொல்லும்போது சிரிப்பு வரும் இடம் இது.

இங்கே ஒரு கிளைக்கதை. லண்டனில் கழித்த இந்தக் குடும்பத்து வண்டிகளை, குறிப்பாக லேலண்ட் எஞ்சின் பொருத்திய ஆர்.டி.எல். வகையை, 1958இல் தேசியமயமான இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கியது. இலங்கையும் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு; பின்படி இடப்பக்கமே இருக்கலாம்; நடத்துநரும் உண்டு. எதையும் மாற்றாமல் ஓட்டமுடிந்தது. 1980களின் இறுதியில் சில ரூட்மாஸ்டர்களும் அதே வழியில் கொழும்பு போயின.

ரூட்மாஸ்டர்: கதவே இல்லாத விடை

போர்க்காலத்தில் லண்டன் போக்குவரத்து வாரியமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து 710 ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டினார்கள். மெல்லிய அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து உறுதியான கூடாக்கும் வித்தை அங்கே கைவந்தது. ஏ.ஏ.எம். டுரான்ட் தலைமையில் பொறியாளர்கள் அதைப் பேருந்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளித்தோற்றம் டக்ளஸ் ஸ்காட். முதல் வண்டியை 1954இல் கண்காட்சியில் வைத்தார்கள். அது பயணிகளோடு ஓடத் தொடங்கியது 1956 பிப்ரவரி 8இல், 2ஆம் எண் தடத்தில். 1968 வரை மொத்தம் 2,876.

ரூட்மாஸ்டருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அலுமினிய உடல்தான் பாரம் தாங்குகிறது. எஞ்சின், ஸ்டீயரிங், முன்சக்கரம் ஒரு முன்சட்டகத்தில். பின்அச்சும் அதன் ஸ்பிரிங்குகளும் ஒரு பின்சட்டகத்தில். கியர்பெட்டி நடுவில் உடலிலேயே தொங்கும். ஆல்டன்ஹாம் முறைக்கு இது கச்சிதம்: போல்ட்டுகளைக் கழற்றி இரு சட்டகத்தையும் உருவிவிட்டு உடலை மட்டும் தூக்கலாம். ஏழரை டன் அளவில் 64 இருக்கை. கிட்டத்தட்ட அதே எடையில் ஆர்.டி. தந்தது 56தான். முன்சக்கரங்கள் தனித்தனியே குலுங்கும் காயில் ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங், தானியங்கி கியர் எல்லாம் 1950களிலேயே வந்துவிட்டன. 38இல் பின்னாளில் நிலைத்தது இதன் நீண்ட வடிவம்: நடுவில் சுமார் 71 செ.மீ. துண்டு ஒன்றைச் சேர்த்து 9.1 மீட்டர் ஆக்கி, 72 இருக்கை வைத்தது. பக்கவாட்டில் நடுவே ஒரு குட்டைச் சன்னல் தெரிந்தால் அது நீளமான வண்டி.

இதன் வேகத்தின் ரகசியம் எஞ்சினில் இல்லை. பின்படி எப்போதும் திறந்திருக்கும். ஆள் ஏறியதும் வண்டி கிளம்பும். சீட்டு வாங்குவதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. பிக்கடிலியில் நெரிசலில் நின்றால் நிறுத்தம் வரும்வரை காத்திருக்காமல் இறங்கி நடந்துவிடலாம். ஓட்டுநர் தனி அறையில் இருப்பதால் நடத்துநர் மணியில்தான் பேசுவார்: ஒன்று அடித்தால் அடுத்த நிறுத்தத்தில் நில், இரண்டு, கிளம்பு, மூன்று, வண்டி நிறைந்துவிட்டது, யாரும் இறங்காவிட்டால் நிற்காதே, நான்கு, ஆபத்து.

குறைகளும் அந்தப் படியிலிருந்தே வந்தவை. ஓடும் வண்டியில் ஏறவோ இறங்கவோ போய் விழுந்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நெரிசல் நேரத்தில் நடத்துநர் மாடியில் சீட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்குள், கீழே இரண்டு நிறுத்தம் போகிறவர் காசு கொடுக்காமலே இறங்கியிருப்பார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் குழந்தையைக் கையில் எடுத்து வண்டியை மடக்கியாக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறவே முடியாது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ஈரம் புகுந்து அரிக்கும். முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்சட்டகத்தைச் சுற்றி. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது சம்பளம்.

அந்தச் சம்பளத்தை ஒழிக்கத்தான் 1971இல் டி.எம்.எஸ். என்ற ஓராள் மாடிப் பேருந்தைக் கொண்டுவந்தார்கள். முன்கதவில் இரு வழி: ஒன்று ஓட்டுநரிடம் காசு கொடுக்க, மற்றது நாணயம் போட்டால் திறக்கும் சுழல்தடுப்பு வழியாகப் போக. எந்திரம் அடிக்கடி சிக்கிக்கொண்டது; கூட்டம் ஓட்டுநர் பக்கம் வரிசை கட்டியது. பெரிய பாடம் ஆல்டன்ஹாமில் கிடைத்தது. அந்தப் பணிமனை முழுவதும் உடலைத் தூக்கிச் செப்பனிடும் முறைக்காக அமைந்தது, டி.எம்.எஸ். வண்டியில் உடலைப் பிரிப்பதே பெரும்பாடு. 1979 முதலே அவற்றைக் கழிக்க ஆரம்பித்தார்கள். 1970களில் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய ரூட்மாஸ்டர் இப்படித் தன் வாரிசைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. ஆல்டன்ஹாமே 1986இல் மூடப்பட்டது. பிறகு 1990களில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டுக் கம்மின்ஸ், இவேகோ, ஸ்கானியா எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதற்குள் தடங்களை ஒப்பந்தத்துக்கு விடும் முறை வந்துவிட்டது. 38 தனியார் கைக்குப் போய், அர்ரைவா என்ற பெயரின் கீழ் வந்தது.

பதினெட்டு மீட்டர்

2005க்குள் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. 1995இன் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள், மாடிப் பேருந்துகள் எல்லாம் 2017 தொடங்குவதற்குள் சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டும் என்றன. 2003இல், கருவியில் தொட்டால் கட்டணம் கழியும் ஆய்ஸ்டர் அட்டை வந்தது. அதே ஆண்டு மத்திய லண்டனில் ஏறுமுன்பே சீட்டு வாங்கவேண்டும் என்றானது. அதாவது காசு வாங்கும் வேலை பேருந்தைவிட்டு வெளியேறியது. நடத்துநர் தேவையில்லை, முன்கதவுக்கு வரிசையும் தேவையில்லை என்ற நிலை. மூன்றாவது, மத்திய லண்டனுக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வந்தபின் பேருந்தில் கூட்டம் ஏறிக்கொண்டே போனது.

இந்த மூன்றுக்கும் ஒரே பதிலாக வந்தது மெர்சிடிஸ் சிட்டாரோ இணைப்புப் பேருந்து, லண்டன்காரர்கள் வாயில் பெண்டி பஸ். 2005 அக்டோபர் 28 வெள்ளிக்கிழமை 38இல் ரூட்மாஸ்டரின் கடைசி நாள். மறுநாள் காலை இவை வந்தன. நீளம் 18 மீட்டர், மூன்று கதவு, 49 இருக்கை, நிற்பவர்களோடு சேர்த்து 149 பேர். எந்தக் கதவிலும் ஏறலாம், உள்ளே அட்டையைத் தொட்டுக்கொள்ளலாம். எஞ்சின் பின்பெட்டியில், கடைசி அச்சுதான் உந்தும், முன்பெட்டி தள்ளப்பட்டுப் போகும். இழுக்கப்படும் பெட்டி தானாக நேராகும். தள்ளப்படும் வண்டி வழுக்கும் சாலையில் நடுவில் மடங்கப் பார்க்கும். அதனால் இணைப்பு வட்டத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

ஏறி இறங்கும் வேகத்தில் இதற்கு ஈடில்லை; ஒரே தளம், மாடிப்படி இறங்கத் தாமதிப்பவர் இல்லை. அந்த வகையில் ரூட்மாஸ்டரின் உண்மையான வாரிசு இதுதான் என்பது என் கருத்து. ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள்.

சிக்கல் தெருவில். நிறுத்தத்தில் ஒரு கார் நின்றால் முன்பெட்டி மட்டும் ஓரம் கட்டும், வால் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வண்டி சேர்ந்து வந்தால் நிறுத்தத்தில் 36 மீட்டருக்கு மேல் வேண்டும். சிக்னலுக்கு அப்பால் இடமில்லாமல் சந்திப்புக்குள் நுழைந்தால் குறுக்குச் சாலையே நின்றுபோகும். ஹாக்னியின் கிரஹாம் ரோடு போல இருபுறமும் வண்டி நிறுத்திய தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பெண்டிகள் வந்தால் நிலைமையைச் சொல்லவேண்டாம். வண்டியின் நீளத்தைக் கணிக்காமல் இடப்பக்கம் புகும் சைக்கிள்காரருக்கும் அது ஆபத்து. மூன்று கதவும் திறந்து, கேட்க ஆளில்லாததால் அட்டையைத் தொடாமலே ஏறுகிறவர்கள் பெருகினார்கள். இலவச பஸ் என்றே ஊர் பெயர் வைத்தது.

2008 மேயர் தேர்தலில் போரிஸ் ஜான்சன் இந்த வண்டிகளை ஒழிப்பேன், புது ரூட்மாஸ்டர் கொண்டுவருவேன் என்றார், ஜெயித்தார். 2009 நவம்பர் 14இல் 38க்கு மறுபடி மாடிப் பேருந்து வந்தது, இந்த முறை சாதாரண இரண்டு கதவு வகை. லண்டன் முழுவதிலும் கடைசிப் பெண்டி 207ஆம் எண் தடத்தில் 2011 டிசம்பரில் ஓய்ந்தது.

இந்த மாற்றத்தின் விலை என்ன என்பதை மேலோட்டமாகப் பார்ப்போம். நான்கு நிமிடத்துக்கு ஒரு பெண்டி என்றால் மணிக்கு 15 வண்டி, 2,235 பேருக்கு இடம். 87 பேர் கொள்ளும் மாடிப் பேருந்தால் அதே எண்ணிக்கையை எட்ட மணிக்கு 26 வண்டி வேண்டும். ஓட்டுநர் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் ஏறும். பதிலுக்குக் கிடைப்பது இருக்கை: பெண்டியில் மணிக்கு 735 பேர் உட்காரலாம், வண்டிக்கு 62 இருக்கை வைத்தால் மாடிப் பேருந்தில் 1,612 பேர். விக்டோரியாவிலிருந்து ஹாக்னி வரை போகிற ஒருவருக்கு இது பெரிய வித்தியாசம். இரண்டு நிறுத்தம் போகிறவருக்கு ஒன்றுமில்லை. கணக்கில் யாரை வைப்பது என்பதில்தான் முடிவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வண்டிகளின் இடைவெளி இரண்டரை நிமிடத்துக்குக் கீழே போனால் கொத்தாக ஓடத் தொடங்கும். முன்னால் போவது சற்றுத் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆள் சேர்ந்திருப்பார். ஏற்றினால் மேலும் தாமதம். பின்னால் வருவதற்கு ஆளே இல்லாமல் அது விரைந்து வந்து முட்டி நிற்கும். லண்டன் ஒப்பந்தங்களில் இதற்கு அளவுகோல் உண்டு. மூன்று நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் பயணி சராசரியாக ஒன்றரை நிமிடம் காத்திருப்பார். அதே வண்டிகள் ஆறு நிமிடத்துக்கு இரண்டாகச் சேர்ந்து வந்தால் மூன்று நிமிடம். இந்த ஒன்றரை நிமிட வித்தியாசம்தான் 'கூடுதல் காத்திருப்பு'. அது இலக்கைத் தாண்டினால் நிறுவனத்துக்குப் பணம் குறையும், கீழே இருந்தால் ஊக்கத்தொகை. 'சேவையைச் சீராக்க இந்தப் பேருந்து சற்று நேரம் நிற்கும்' என்ற அறிவிப்பைக் கேட்டுப் பல்லைக் கடிப்பவர்கள், அதன் பின்னால் இந்தக் கணக்கு இருப்பதை அறியமாட்டார்கள்.

மூன்று கதவு, இரண்டு மாடிப்படி

புது ரூட்மாஸ்டர் 2012 பிப்ரவரி 27இல் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது, அதுவும் 38இல்தான். சோதனை வண்டிகள் எட்டு. ஹெதர்விக் குழு வடிவமைக்க, வட அயர்லாந்தின் பாலிமினாவில் ரைட்பஸ் கட்டியது. நீளம் 11.2 மீட்டர், 62 இருக்கை, மொத்தம் 87 பேர். முன், நடு, பின் என மூன்று கதவு, இரண்டு மாடிப்படி. பகலில் பின்படி திறந்திருக்கும், பக்கத்தில் ஒருவர் நிற்பார். இரவில் அதே இடத்தைக் கதவு மூடிவிடும், ஓட்டுநர் மட்டும் போதும். பழைய படியையும் புதிய விதிகளையும் ஒரே வண்டிக்குள் அடைக்கப் பார்த்த முயற்சி.

நின்றவர் பழைய நடத்துநர் அல்ல. அவர் சீட்டுக் கொடுப்பதில்லை, காசு வாங்குவதில்லை, அட்டையைச் சோதிப்பதும் இல்லை. ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. வருமானம் ஈட்டாத சம்பளம் எவ்வளவு நாள் நிலைக்கும்? 38 உள்பட ஒரு சில தடங்களில், அதுவும் வார நாள் பகலில்தான் அவர்கள் இருந்தார்கள். 2016 செப்டம்பருக்குள் எல்லாத் தடங்களிலும் எடுத்துவிட்டார்கள். பின்படி நிரந்தரமாகக் கதவானது.

எந்திரம் இப்படி: 4.5 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பின்மாடிப்படியின் அடியில். அது சக்கரத்தை நேரே சுழற்றாது. மின்னாக்கியை ஓட்டும், மின்கலம் நிறையும், மின்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். பிரேக் போடும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பித் தரும். நின்று கிளம்பும் ஓட்டத்துக்கு நல்ல ஏற்பாடு, மின்கலம் சரியாக இருக்கும்வரை. அது தளர்ந்தால் சேமிக்க இடமில்லை; எஞ்சின் ஓயாமல் ஓடும்; டீசல் செலவு சாதாரண வண்டி அளவுக்குப் போய்விடும். 2015இல் பல வண்டிகளில் இதுதான் நடந்தது. உத்தரவாதத்தின் கீழ் மின்கலங்களை மாற்றினார்கள்.

பயணிகளைப் படுத்தியது மேல்தளத்து வெயில். சன்னல்களைத் திறக்கவே முடியாமல் செய்திருந்தார்கள். குளிர்காற்று அமைப்பு போதவில்லை. நெரிசலில் மெதுவாக ஓடும் கண்ணாடிக் கூடு கோடையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் திறக்கும் சன்னல்களைத் தனியே பொருத்தினார்கள். 1954இன் ரூட்மாஸ்டரில் சன்னல் கண்ணாடியைச் சிறு கைப்பிடியால் சுற்றி இறக்கலாம்.

எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெற்று வண்டி சுமார் 12.65 டன், 62 இருக்கைக்குப் பங்கிட்டால் ஓர் இருக்கைக்கு 204 கிலோ. பழைய 64 இருக்கை ரூட்மாஸ்டரில் அது 115 கிலோவை ஒட்டி. இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் அநியாயமும் உண்டு: சாய்தளம், சக்கர நாற்காலி இடம், மின்கலம், புகை வடிக்கும் கருவி எல்லாம் பழைய வண்டியில் இல்லாதவை. இருந்தாலும் மூன்றாம் கதவும் இரண்டாம் மாடிப்படியும் தேவைக்காக வந்தவை அல்ல. அவை எடுத்த இடத்தில் இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கலாம்.

கதவுக்கு மறுபடி வருவோம். மூன்று கதவிலும் ஏறலாம் என்ற வசதியால் பெண்டியின் பழைய வியாதி இங்கேயும் வந்தது. காசு கொடுக்காமல் போகிறவர் விகிதம் மற்றப் பேருந்துகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று போக்குவரத்து நிறுவனம் சொன்னது. 2020 ஜனவரியில், புது ரூட்மாஸ்டர்கள் எல்லாவற்றிலும் முன்கதவில் மட்டும் ஏறும் முறை படிப்படியாக வரும் என்று அறிவித்தார்கள். சில மாதத்தில் கொரோனா வந்து, ஓட்டுநர்களைக் காக்க ஏப்ரலில் நடுக்கதவில் மட்டும் ஏறு, அட்டை தொடவேண்டாம் என்று கொஞ்ச நாள் தலைகீழானது. மே மாதம் மறுபடி முன்கதவு. அன்றிலிருந்து பின்கதவு இறங்க மட்டும்.

2021 செப்டம்பருக்குப் பிறகு லண்டனுக்குப் புதிதாக வாங்கும் பேருந்துகள் அனைத்தும் புகையே விடாதவையாக இருக்க வேண்டும். அப்படி வரும் மின் மாடிப் பேருந்துகளுக்கு இரண்டே கதவு, ஒரே மாடிப்படி: முன்னால் ஏறு, நடுவில் இறங்கு. கார்டையோ அலைபேசியையோ தொட்டு ஏற ஒருவருக்கு ஓரிரு வினாடிதான் ஆகிறது. 2014 ஜூலை முதல் லண்டன் பேருந்தில் ரொக்கமே வாங்குவதில்லை. ஓட்டுநர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று கதவு மிச்சப்படுத்திய நேரத்தில் பெரும்பகுதியை இன்று அந்த அட்டைக் கருவி ஒன்றே மிச்சப்படுத்திவிடுகிறது.